தொட்டியில் இல்லாத நீலம்

அத்தியாயம் - 6

கட்டில் நகர்ந்துகொண்டிருந்தது.

சக்கரங்களை நகராமல் பூட்டிய இரும்புக் கட்டில்தான். ஆனாலும் மேலே படுத்திருந்த பெண்ணின் கால்கள் ஓயாமல் உதறிக்கொண்டிருந்ததில், கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து இழுத்துச் சரியாகப் போடுவாள், மறுபடி நகரும். அந்தப் பெண்ணின் தலையணை வேர்வையில் ஊறியிருந்தது. கண்மணிகள் பெரிதாக விரிந்து கூரையில் எதையோ தேடின. கைகள் போர்வையைப் பிடித்தன, விட்டன, மறுபடி பிடித்தன. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தபடியே இருந்தது. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் மீன் கடையில உக்காந்து வியாபாரம் பார்த்தவங்க," என்றார் டாக்டர். "திடீர்னு நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு. இப்ப காய்ச்சலும் ஏறுது. மூளை ஸ்கேன் சுத்தமா இருக்கு. மனநோயா இருக்கலாம்னு வீட்டுல சொல்றாங்க. சாயங்காலம் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கையெழுத்து கேட்டிருக்கோம்."

"அனுப்பினா சரியாயிடுமா?"

"காரணம் அதுவா இருந்தா சரியாகும். வேற ஏதாவதா இருந்தா, இந்தக் காய்ச்சலோட ராத்திரியைத் தாண்டறது கஷ்டம்," என்றார் டாக்டர். ஒளித்துப் பேசத் தெரியாத மனிதர்.

கேட்டது மேடம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், செத்துப்போனதாகப் பணம் கேட்கப்பட்ட ஆசாமிகளை உயிரோடு பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியதால் 'சந்தேகம் மேடம்' என்று பெயர் வாங்கியவர். சொந்தமாகத் துப்பறியும் ஏஜென்சி தொடங்கியபோது வாடிக்கையாளர்கள் மரியாதை கருதிச் சந்தேகத்தை விட்டுவிட்டார்கள். சந்தேகம் அவரை விடவில்லை. எந்த அறையிலும் இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் நிற்கமாட்டார். இப்போதும் கட்டிலைச் சுற்றி வந்து, சட்டென்று குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

"டாக்டர், இது என்ன கலர்?"

கட்டிலில் தொங்கிய யூரின் பையில் இருந்தது மஞ்சள் இல்லை. நல்ல பச்சை, ஓரத்தில் நீலம் தட்டிய பச்சை.

"ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட் மாதிரியே இருக்கு," என்றார் மேடத்தின் பின்னால் நின்ற கிளட்ச்.

கிளட்ச் என்பது பட்டப்பெயர். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராக இருந்து, கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்து உட்கார்ந்தே பாதி வயதைத் தொலைத்தவர். அந்தப் பழக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடும். மேடத்தைவிட மூத்தவர் என்பதால் மேடம் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

"எனக்கும் அதுதான் புரியல," என்றார் டாக்டர். "சில மருந்து சாப்பிட்டா இப்படி நிறம் மாறும். ஆனா எந்த மருந்தும் சாப்பிடறதில்லைன்னு புருஷனும் சொல்றாரு, தங்கச்சியும் சொல்றாங்க. தங்கச்சி மருந்துக்கடை வச்சிருக்கறவங்க, அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? லேப்புக்கு அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர நாளைக்கு ஆகும்."

"நாளைக்கு வர்ற ரிசல்ட் நமக்கு எதுக்கு?" என்றபடி மேடம் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

வராந்தாவில் அந்தத் தங்கை நின்றுகொண்டிருந்தாள். இன்று காலையில் ஏஜென்சிக் கதவைத் திறப்பதற்குள் வந்து படியில் உட்கார்ந்திருந்தவள். அழுது வீங்கிய முகம், கசங்கிய புடவை. பத்து விரல் நகத்திலும் அடர்ந்த மெரூன் பூச்சு. அதன் வாடைகூட இன்னும் போகவில்லை, கட்டைவிரலில் பூச்சு நகத்தைத் தாண்டிச் சதையிலும் வழிந்திருந்தது.

"அக்காவுக்காக என் ரத்தத்தையே கொடுப்பேன் மேடம்," என்று காலையில் அழுதிருந்தாள். "அத்தான் அவளுக்கு என்னவோ கொடுக்கறாரு. கடை டிராயர்ல ஒளிச்சு வச்சிருக்காரு. நான் போய்ப் பார்த்தா சண்டை வரும். வெளியாள் நீங்க பாருங்க, நீங்களே சாட்சியா இருங்க."

அவள் போனதும் கிளட்ச் சொன்னார்: "அக்கா ஆஸ்பத்திரியில, தங்கச்சி பியூட்டி பார்லர்ல."

"மனசு சரியில்லாதவங்க கையை சும்மா வச்சிருக்க முடியாம எதையாவது செய்வாங்க அண்ணே," என்று மேடம் அப்போது அதைத் தள்ளிவிட்டார். தள்ளியது தப்பு என்று பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டார், அது தனிக் கதை.

இப்போது வராந்தாவில் தங்கை கிசுகிசுத்தாள்: "டிராயர், மேடம். மறந்துடாதீங்க."

பெஞ்சின் மறுகோடியில் புருஷன் உட்கார்ந்திருந்தார். மீன் கடைக்காரர். சட்டைக் கையில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அதெல்லாம் கண்ணில் படும் நிலைமை இல்லை.

"உங்க வீட்டையும் கடையையும் பார்க்கணும். நீங்களும் வாங்க," என்றார் மேடம்.

மனிதர் ஏன் என்றுகூடக் கேட்காமல் சாவியை எடுத்து நீட்டினார். கொடுப்பதற்குள் அது நழுவிக் கீழே விழுந்தது. கிளட்ச் அதை மேடத்துக்குக் கண்ணால் காட்டினார். மேடம் பார்க்காத மாதிரி நடந்தார்.

*

கீழே கடை, மேலே வீடு. கடைக்குள் நுழைந்ததும் சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே செடிகள், கூழாங்கல், காற்றுக் குமிழிகள். விலைக்கு நிற்கும் மீன்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி, சாப்பாடு வந்துவிட்டது என்று கண்ணாடியில் மூக்கை முட்டின. மோட்டார்கள் இரைந்துகொண்டே இருந்தன.

கிளட்ச் நேரே மேஜைக்குப் போய் டிராயரை இழுத்தார். பேனா மூடி, ரப்பர் பேண்டு, உடைந்த வலை, அதற்கு அடியில் ஒரு சின்ன பாட்டில். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே மை போலக் கருநீலம்.

"கேஸ் முடிஞ்சுது," என்றார். "பாட்டில் நீலம், பை பச்சை. நீலத்தோட மஞ்சள் சேர்ந்தா பச்சை, இது எங்க பையனுக்கு ஒண்ணாங்கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தாங்க. மேடம், இவ்வளவு சீக்கிரம் முடிஞ்ச கேஸ் நம்ம சரித்திரத்துலயே இல்ல."

மீன் கடைக்காரர் பாட்டிலைப் பார்த்தார். லேபிளில் 'மெத்திலீன் ப்ளூ' என்று இருந்தது.

"இது என்னோடது இல்லைங்க."

"உங்க கடை, உங்க மேஜை, உங்க டிராயர். பாட்டில் மட்டும் ஊர்க்காரங்களோடதா?" என்றார் கிளட்ச்.

"மீனுக்குப் பூஞ்சை வந்தா போடற மருந்துதான் இது. மீன் கடைக்காரங்க நிறைய பேர் வச்சிருப்பாங்க. ஆனா நான் வச்சிக்கறதில்ல."

குற்றவாளிகள் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். சொன்ன விதத்தில் கொஞ்சமும் சாமர்த்தியம் இல்லை. மேடம் தொட்டிகளின் ஓரமாக நடந்தார். கண்ணாடியும் கண்ணாடியும் சேரும் மூலைகளில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே போனார். முதல் தொட்டி, அடுத்தது, அதற்கடுத்தது. மீன்கள் விரலைத் துரத்திக்கொண்டே வந்தன.

"இந்த மூலையில போட்டிருக்கற ஒட்டு எப்பவுமே இப்படி வெள்ளையாத்தான் இருக்குமா?"

அந்தக் கேள்வியில் மனிதர் ஒரு கணம் தன் கஷ்டத்தை மறந்தார். தொழிலைப் பற்றிக் கேட்டால் அப்படித்தான்.

"அது சிலிக்கான் ஒட்டுங்க. வெள்ளையா இருக்கான்னா, நீல மருந்து படாததாலதான். ஒரு சொட்டு விட்டாப் போதும், ஒட்டு அப்படியே குடிச்சிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் போகாது. செடியும் கருகும். ஃபில்டர்ல தண்ணியைச் சுத்தம் பண்ற நல்ல கிருமியும் செத்துடும். அதனால நான் மீனுக்கு உடம்பு சரியில்லைன்னா தனியா எடுத்து உப்புத் தண்ணிதான். சில பேர் என்னைக் கிண்டல்கூட பண்ணுவாங்க."

"இருக்கறதுலயே பழைய தொட்டி எது?"

"அதோ, மூலையில. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது."

மேடம் போய்ப் பார்த்தார். கண்ணாடி மங்கியிருந்தது, விளிம்பு சிதைந்திருந்தது. ஒட்டு பழுப்பேறியிருந்தது. நீலம் எங்கேயும் இல்லை. மீன்களைக் குளிப்பாட்டும் வாளி, வலை, குழாய், துடைக்கும் துணி எல்லாவற்றையும் புரட்டினார். எதிலும் இல்லை.

"அண்ணே, இந்த நீலம் பட்ட இடத்துல உட்காரும். இவ்வளவு ஈரமும் இத்தனை துணியும் இருக்கற கடையில ஒரு பொட்டுகூட இல்லை. டிராயர்ல மட்டும் எப்படி வந்துச்சு?"

"மீனுக்கு ஊத்தாதவர் பொண்டாட்டிக்கு ஊத்தியிருக்கலாம்ல?" என்றார் கிளட்ச். விட்டுக்கொடுக்க மனசில்லை.

"இருக்கலாம். அதனாலதான் மாடிக்குப் போறோம்."

மாடிப்படியில் மூவர் ஏறினார்கள். மேடம் இரண்டு இரண்டு படியாகத் தாவினார். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டில் இன்னமும் நகர்ந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது.

சமையலறையில் ஒன்றும் இல்லை. படுக்கையறையில் ஒன்றும் இல்லை. பாத்ரூமில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்யச் சோம்பல்பட்டு யாரோ துணி கட்டியிருந்தார்கள், துணி வழியாக இப்போது சொட்டியது. கண்ணாடியில் விரிசல், சோப்பு தேய்ந்து பிஸ்கட் கனத்துக்கு வந்திருந்தது. வாளிக்குப் பிடி இல்லை.

மேடம் கக்கூஸ் மூடியைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார். காலையிலிருந்து அவர் ஓர் இடத்தில் நின்றது அப்போதுதான்.

"என்ன மேடம், உள்ள மீன் ஏதாவது நீந்துதா?"

உள்ளே தண்ணீர் பளிச்சென்று நீலமாக இருந்தது. ஃப்ளஷை அழுத்தினார். வந்ததும் நீலத் தண்ணீர். ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்தால், ஓரத்தில் வாசனை வில்லை ஒன்று தொங்கியது. முக்கால்வாசி கரையாமல் புதிதாக இருந்தது.

"அண்ணே, குழாய்க்குத் துணி கட்டியிருக்கற வீடு. வாளிக்குப் பிடி இல்லாத வீடு. இந்த வீட்டுல கக்கூஸுக்கு மட்டும் மல்லிகை வாசனையில நீலத் தண்ணி எதுக்கு?"

கிளட்ச் குனிந்து வில்லையை முகர்ந்து பார்த்தார். மல்லிகையேதான்.

"ஆஸ்பத்திரியில அந்த அம்மாவுக்கு யூரின் பச்சையா வந்தது எல்லார் கண்ணுக்கும் பட்டுச்சு. ஏன்? பையில வந்ததால. ஆனா அந்த மருந்து உள்ள போக ஆரம்பிச்சது நேத்து இல்ல. வீட்டுல இருக்கும்போதே பச்சையாத்தான் போயிருக்கும். எந்தப் பொண்ணா இருந்தாலும் முதல் நாளே அலறியிருப்பா. இவங்க ஏன் அலறல?"

"தண்ணியே நீலமா இருந்தா வித்தியாசம் தெரியாது," என்றார் கிளட்ச் மெதுவாக.

மேடம் மீன் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இந்த வில்லையை யார் போட்டது?"

"மச்சினிங்க. போன வாரம் வந்து பாத்ரூம் எல்லாம் கழுவிக் கொடுத்துட்டுப் போனா. அக்காவுக்கு ஒத்தாசையாம்." யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "அதுக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு டம்ளர் கழுவினவ இல்ல. எங்களுக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. என் பொண்டாட்டிக்கு அவ்வளவு சந்தோஷம். தங்கச்சி திருந்திட்டான்னு ராத்திரி முழுக்க அதையே சொல்லிட்டிருந்தா."

கிளட்ச்சின் இடது கால் தரையை அழுத்தியது. "மேடம், நம்ம கட்சிக்காரியே எதிர்க்கட்சியா? அப்ப நமக்கு ஃபீஸ் யார் கொடுப்பாங்க?"

"பேசாம இருங்க அண்ணே. இன்னொண்ணு பாக்கி இருக்கு. ஒரு நீலத்துக்கு இவ்வளவு ஆட்டம் வராது."

அவர் சுவர் அலமாரியைத் திறந்தார். ஷாம்பு, தேங்காயெண்ணெய், சானிட்டரி நாப்கின் பாக்கெட். புருஷன் கையே படாத இடம் எது என்று ஒரு பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாக்கெட்டுக்குள் கையை விட்டார். ஒரு காகித உறை வந்தது. உறைக்குள் பாதி காலியான மாத்திரை அட்டை.

மேடம் அட்டையின் பெயரைப் படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இது மனச்சோர்வுக்கு டாக்டர்கள் கொடுக்கற மாத்திரை. இவங்க சாப்பிடறது உங்களுக்குத் தெரியுமா?"

மீன் கடைக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாதுங்க. குழந்தை தங்காமப் போனதுல இருந்து ரொம்ப நாள் அழுதுட்டே இருந்தா. அப்புறம் தானா சரியாயிட்டான்னு நினைச்சேன். மாத்திரையிலதான் சரியானாளா? ஏன் எங்கிட்ட சொல்லல? நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் உறையைக் கவனித்தார். "இது மச்சினி கடை உறைங்க. அவ கடையிலதான் வாங்கியிருக்கா. அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கே. எந்த மருந்தும் சாப்பிடலைன்னு டாக்டர்கிட்ட ஏன் சொன்னா?"

"வேற ஏதாவது கொடுத்தாளா? வாயால சாப்பிடற மாதிரி?"

"அதே நாள்ல சத்து மாத்திரை கொடுத்தா, அதை மருந்துன்னு நான் நினைக்கல. கேப்சூல். அக்கா ரொம்ப மெலிஞ்சிருக்கா, தினமும் ராத்திரி நீங்களே ஞாபகமா கொடுங்க அத்தான்னு..." மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. "என் கையாலதான் கொடுத்தேன். தண்ணியும் நான்தான் ஊத்திக் கொடுத்தேன்."

"டப்பா எங்க?"

"டாக்டர்கிட்ட காட்டணும்னு இன்னிக்கு விடியக்காலையில எங்கிட்ட சாவி வாங்கிட்டு வந்து எடுத்துட்டுப் போயிட்டா."

மேடம் அதற்குமேல் கேட்கவில்லை. போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டார், பாட்டிலின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார்.

மறுமுனையில் டாக்டர் இரண்டு பெயரையும் திருப்பிச் சொன்னார். பிறகு டாக்டர் யாருக்கோ கத்திக் கட்டளையிடுவது கேட்டது. ஐஸ், ஊசி, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை. மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"மேடம், நல்ல வேளை சொன்னீங்க. மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தா வழியிலயே போயிருப்பாங்க."

"அந்த நீலம் விஷமா டாக்டர்?"

"அதான் கொடுமை, விஷமே இல்ல. மூணு வளையம் ஒட்டின மாதிரி ஒரு மூலக்கூறு, நடு வளையத்துல ஒரு கந்தகம். முதல்ல துணிக்குச் சாயமா இருந்துச்சு. அப்புறம் மைக்ராஸ்கோப்புல கிருமியைப் பார்க்க, மலேரியாவுக்கு மருந்தா, எல்லாத்துக்கும் வந்துச்சு. ரத்தம் ஆக்ஸிஜனைச் சரியாச் சுமக்க முடியாம ஆளே நீலமாகிப் போற கேஸ்ல இன்னிக்கும் உயிரைக் காப்பாத்தறது இதுதான், எங்க அவசர அலமாரியிலயே இருக்கு. மனநோய்க்குப் பழைய காலத்துல வந்த மாத்திரைங்களே இதோட சொந்தக்காரங்கதான்."

"சொந்தக்காரங்கன்னாலே தொந்தரவுதான்," என்றார் கிளட்ச்.

"அந்தச் சோர்வு மாத்திரையும் நல்ல மருந்துதான். அது மூளையில செரட்டோனின்ங்கற சரக்கைத் தேங்கி நிக்க வைக்கும். இந்த நீலம், மிச்சமான சரக்கைக் கழுவி வெளியேத்தற வேலையை நிறுத்திடும். குழாயும் திறந்திருக்கு, சாக்கடையும் அடைச்சிருக்குன்னா என்ன ஆகும்?"

கிளட்ச் பாத்ரூம் குழாயைப் பார்த்தார். "வீடு மிதக்கும்."

"உடம்பு அதுலதான் உதறுது. ரெண்டும் ஒருத்தர் உடம்புல சேரவே கூடாதுன்னு மருந்துக்கடை வச்சிருக்கறவங்களுக்குத் தெரியாம இருக்காது. நான் வைக்கறேன்."

*

திரும்பும்போது கிளட்ச் ஓட்டினார். ஒவ்வொரு சிக்னலும் அவர்களுக்காகவே காத்திருந்து சிவந்தது. மேடம் முன்சீட்டில் கதவுப் பிடியைத் திறந்து மூடிக்கொண்டே வந்தார்.

"அந்தக் கட்டடம் யார் பேர்ல இருக்கு?" என்று பின்சீட்டைக் கேட்டார்.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேர் பேர்லயும். மாமனார் அப்படித்தான் எழுதி வச்சாரு. விக்கணும்னு மச்சினிக்கு ஆசை. என் பொண்டாட்டி ஒப்புக்கல. தொட்டியெல்லாம் தூக்கிட்டு என் புருஷன் எங்க போவாருன்னு கேட்டா."

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டால், அத்தான் ஜெயிலுக்குப் போய்விட்டால், அந்தக் குடும்பத்தில் பேச மிச்சம் ஒரே ஒரு ஆள்தான்.

"டிராயரைத் திறக்க நம்மளைக் கூலிக்குப் பிடிச்சிருக்கா," என்றார் மேடம். குரலில் கோபம் கொதித்தது. "துப்பறிய இல்ல அண்ணே. சாட்சி சொல்ல. நம்பற மாதிரி ரெண்டு முகம் வேணும்னு தேடி வந்திருக்கா."

"என் முகத்தையுமா நம்பற மாதிரின்னு நினைச்சா?"

"ஆனா கையில ஒண்ணும் இல்லை. டப்பாவை எடுத்துட்டுப் போயிட்டா. மாத்திரையைக் கொடுத்தது இவரு கை. வில்லை போட்டது குத்தம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. போலீஸ் வந்தா இவரைத்தான் கூட்டிட்டுப் போகும்."

பின்சீட்டில் மீன் கடைக்காரர் சொன்னார்: "என்னைக் கூட்டிட்டுப் போகட்டுங்க. அவ பிழைச்சாப் போதும்."

கிளட்ச் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். நக்கலாகச் சொல்ல ஏதோ தயாராக வைத்திருந்தவர், அதை விழுங்கிவிட்டு வண்டியை விரட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மேடம் திடீரென்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அண்ணே, நீங்க காலையில சொன்னீங்களே, பியூட்டி பார்லர்னு!"

"அது சும்மா வாய்க்கு வந்தது."

"கேப்சூலுக்குள்ள அதை அடைக்கணும்னா கையாலதானே அடைக்கணும்? பட்ட இடத்துல உட்காரும்னு நான்தானே கடையில பெரிசா சொன்னேன்? கண்ணு முன்னால இருந்திருக்கு." அவர் பாதி ஓட்டமாக டாக்டர் அறைக்குள் போனார். வெளியே வந்தபோது முகம் சாதுவாக இருந்தது. கிளட்ச்சுக்கு அந்த முகம் தெரியும், பயப்பட வேண்டிய முகம்.

வராந்தாவில் தங்கை எழுந்து வந்தாள். "கிடைச்சுதா மேடம்?"

மேடம் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "நீங்க சொன்ன டிராயர்லயே இருந்துச்சு. இது என்னன்னு தெரியுமா? மருந்துக்கடைக்காரங்களாச்சே."

தங்கை ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "மீன் மருந்து. எங்க கடையில இதெல்லாம் நாங்க வாங்கறதே இல்ல. நான் கையால தொட்டதுகூட இல்ல." பிறகு அத்தானைப் பார்த்து அழுதாள். "ஏன் அத்தான் இப்படிப் பண்ணீங்க? அவ உங்களுக்கு என்ன குறை வச்சா?"

அழுகை நன்றாகத்தான் இருந்தது. மீன் கடைக்காரர் பதில் பேசவில்லை. பேசக்கூடாது என்று மேடம் படியிலேயே சொல்லியிருந்தார். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்துக்கு நர்ஸ் வந்தாள். "பேஷண்டோட தங்கச்சி யாரு? அக்காவுக்கு ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. கூடப்பிறந்தவங்கன்னா முதல்ல உங்களைப் பார்த்துடலாம்."

"நானா? எனக்கு... நான் காலையில இருந்து சாப்பிடல."

"ரத்தத்தையே கொடுப்பேன்னு காலையில சொன்னீங்களே," என்றார் மேடம் இதமாக. "டாக்டர் சரியா அதையேதான் கேக்கறாரு."

வராந்தாவில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாத இடம். தங்கை நர்ஸின் பின்னால் போய், வராந்தாவிலேயே இருந்த நர்ஸ் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நர்ஸ் அவள் விரலைப் பிடித்து, ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை எடுத்து, நிறுத்தினாள்.

"நெயில் பாலிஷ் இருந்தா இது சரியாக் காட்டாதும்மா. எடுத்துடலாம்."

இந்தப் பாலிஷ் விஷயம் நாடகம் இல்லை. எந்த நர்ஸும் தினம் பத்துத் தடவை செய்வதுதான். அந்த மேஜையில் பாலிஷ் எடுக்கும் திரவமும் பஞ்சும் எப்போதும் இருக்கும்.

"வேணாம். வேற விரல்ல பாருங்க."

"எல்லா விரல்லயும் போட்டிருக்கீங்களே."

தங்கை கையை இழுத்தாள். நர்ஸ் விடவில்லை. அழும் நோயாளிகளையும் அடம்பிடிக்கும் குழந்தைகளையும் பிடித்துப் பழகிய கை. பஞ்சு ஒரு தடவை தேய்த்தது. மெரூன் போயிற்று. மறு தடவை தேய்த்தது. அதற்கடியில் இருந்தது போகவில்லை.

கட்டைவிரல் நகத்தின் குறுக்கே கருநீலமாக ஒரு திட்டு. ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் சுற்றிலும் நீலம். நர்ஸ் பஞ்சைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், மறுபடி அழுத்தித் தேய்த்தாள். அது அப்படியேதான் இருந்தது.

"கடையில ஏதோ மருந்து கொட்டிடுச்சு," என்றாள் தங்கை.

"எந்த மருந்து?" என்றார் மேடம். "நீங்க வாங்கறதே இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க. தொட்டதுகூட இல்லைன்னு."

தங்கை விரல்களை மடக்கிக்கொண்டாள். கதவருகே டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ரத்தம் யாருக்கும் தேவைப்படவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. வராந்தாவின் முனையில் டாக்டர் கூப்பிட்டனுப்பிய போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்துகொண்டிருந்தார். தங்கையின் முகத்தில் அழுகை சுத்தமாக நின்றுபோயிருந்தது. அழாத முகம் வேறு ஆளுடையது போல இருந்தது.

"அந்தக் கட்டடத்துல எனக்கும் பாதி இருக்கு," என்றாள். "எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்? மீனுக்குக் கொடுத்த இடத்தைக்கூட அவ எனக்குக் கொடுக்கல."

போலீஸ்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அப்போதுதான் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்து இன்னொரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது, நல்ல செய்தி கொண்டுவந்த சந்தோஷத்தில் இருந்தாள்.

"காய்ச்சல் இறங்க ஆரம்பிச்சிருக்கு. உதறலும் குறைஞ்சிருக்கு. கொஞ்சம் தெளிவாப் பேசறாங்க."

மீன் கடைக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "என்ன பேசறா?"

"காலையில இருந்து முணுமுணுத்துட்டே இருந்தாங்களே, அதையேதான் கேக்கறாங்க. இப்பத்தான் எங்களுக்குப் புரிஞ்சுது." நர்ஸ் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தங்கச்சி காலையில இருந்து இங்கயே நிக்கறாளே, ஏதாவது சாப்பிட்டாளான்னு கேக்கறாங்க. யார் அவங்க தங்கச்சி?"

தங்கை மடக்கிய கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் சேர்த்து வாயடிக்கும் கிளட்ச் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மேடம் அந்தப் பாட்டிலைப் போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டு, மீன் கடைக்காரரின் முதுகில் கை வைத்துக் கதவை நோக்கித் தள்ளினார்.

"போங்க. சாப்பிட்டான்னு சொல்லுங்க."